ஊட்டுக்காரர் மேல தாரு

பூவாத்தாளுக்கு இடுப்புக் கழன்றுபோயிருந்தது. விடிந்ததும் மஞ்சக்காட்டில் களைவெட்டு, அப்புறம் யூனியன் ஆபீஸ் வரை நடை. ரோடு குழியாகிப் பஸ் நின்றுவிட்டது. பஸ் நின்றதும் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒவ்வொன்றாக மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

அரசியல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கு இடம் ஒதுக்கியதில், தொண்ணூற்றாறு தேர்தலில் ஜெயித்து அவள் பஞ்சாயத்துத் தலைவராகியிருந்தாள். ரோடு கேட்க வேண்டியது அவள்தான். ஒரே சிக்கல், அது சென்னிமலை ரோடு. அவள் புருசன் பெயரும் சென்னிமலை. கட்டியவன் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

“எந்த ரோடுங்கம்மா?” என்றார் ஒன்றிய ஆணையர்.

“எங்கூட்டுக்காரர் ரோடுங்க.”

“சொந்த ரோட்டுக்கெல்லாம் யூனியன் பணம் தராதுங்க.”

“சொந்தமில்லீங்க. அவரு பேருல இருக்குதுங்க.”

“பட்டாவே அவர் பேர்லயா?”

“இல்லீங்க சார். மலை மேல முருகன் இருப்பாருங்களே, அந்த ஊருக்குப் போறதுங்க.”

“பழனியா? அது நம்ம யூனியன் இல்லீங்களே.”

துணைக்கு வந்து வாசலில் நின்ற சென்னிமலை பொறுக்கமாட்டாமல் தலையை நீட்டினான். “சார், அது வந்துங்க...”

“புருசன்மார் பேசக் கூடாதுங்க. தலைவர் வாயால சொன்னாத்தான் எழுதுவேன்.”

தலை வெளியே போனது.

பூவாத்தாளுக்கு வேர்த்தது. “அவரு மேலதானுங்க பஸ்ஸு போவும். இப்ப அங்கங்க பேந்து, குழி உழுந்து கெடக்கறாரு. ஜல்லியக் கொட்டி, தார ஊத்தி, ரோலர ஏத்தி உட்டீங்கன்னா நல்லாயிருவாருங்க.”

வெளியே சென்னிமலை தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆணையர் பேனாவை மூடினார். “பேரில்லாத ரோட்ட எப்படிங்கம்மா எழுதறது? அடுத்த மாசம் வாங்க.”

அடுத்த மாசத்துக்குள் இன்னும் சில பிள்ளைகள் மில்லுக்குப் போயிருப்பார்கள். பூவாத்தாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“சென்னிமலை,” என்றாள்.

“ஏனுங்க அம்மணி,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“நீங்க இல்லீங்க. ரோடு.”

ஆணையர் முகம் சுண்டிப்போனது. வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்து எழுதினார்.

இருவரும் வெளியே வந்தபோது, பியூன் ராமுலு டீ டம்ளர்களோடு எதிரே வந்தார்.

“எந்த ரோடுன்னு சாருக்கு மொதல்லயே தெரியுமுங்க, அவருக்கே சொந்த ஊரு சென்னிமலைதான். தார் வாங்க யூனியன்ல காசில்லை, நீங்க பேரச் சொல்லமாட்டீங்கன்னு நம்பிக்கிட்டிருந்தாரு. இப்ப எழுதிப்போட்டாரு, இனி யூனியன் உங்களுக்கு ஒரு ரோடு பாக்கிங்க.”