காரியப்பனுக்கு உத்தியோக யோகம்

இந்தக் காலத்து மனிதனுக்கு வேலை செய்யத்தான் வெட்கம். வேலை கேட்க வெட்கமே கிடையாது. நாலெழுத்து இங்கிலீஷ் படித்துவிட்டால் மண்வெட்டி கையைக் கடிக்கும், வண்டிக் கயிறு உள்ளங்கையை அறுக்கும். நாற்காலி ஒன்றுதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். சரி, அந்த நாற்காலியையாவது தானே தேடிப் பிடிக்கிறானா? அதற்கும் ஒரு சாமியாரைத் தேடிப் பிடிக்கிறான்.

அஞ்சுகிராமத்து வண்டிக்காரர் ஏசுவடியானின் தீர்ப்பு இது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். யார் எதைச் சொன்னாலும், “அப்பிடியா? காட்டு பாப்போம்” என்பார். அதனாலேயே அவருக்கு ஊரில் சினேகிதர் குறைவு.

அந்த வருஷம் நாஞ்சில் நாட்டுக்கே பைத்தியம் பிடித்திருந்தது. பைத்தியத்தின் பெயர் விண்ணப்ப சித்தர்.

கோட்டாற்றுச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஓலைப் பந்தல். வெள்ளிக்கிழமை விடிந்தால் அங்கே தலையாகத் தெரியும். ஈ.எஸ்.எல்.ஸி. பரீட்சையில் பாஸானவன், பெயிலானவன், பெயிலானதை இன்னும் வீட்டில் சொல்லாதவன், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நாஞ்சில் நாட்டையும் சேர்த்து ஆண்ட திருவனந்தபுரத்துச் சர்க்காரில் ஒரு குமாஸ்தா வேலை காலி என்றால் வண்டி வண்டியாக விண்ணப்பம் போய்ச் சேருகிற காலம். அந்தக் குவியலில் நம்முடையது மட்டும் அதிகாரியின் கண்ணில் பட வேண்டுமே! அதற்குக் கையெழுத்தைத் திருத்தலாம். கணக்கு வழக்கு படிக்கலாம். பிழையில்லாமல் மலையாளம் எழுதப் பழகலாம். அதற்கெல்லாம் உடம்பு வணங்க வேண்டும். சித்தரிடம் தலை வணங்கினால் போதும்.

சித்தரின் கழுத்தில் உருத்திராட்சம் உண்டு, சிலுவை உண்டு, பச்சை நூலும் உண்டு. எந்த மதத்துக்காரனையும் அவர் ஒதுக்கியதில்லை. மடியைத் தடவுகிற விஷயத்தில் அத்தனை சமத்துவம்.

அவருடைய முறை இதுதான். விண்ணப்பத்தை அவர் விற்கிற மஞ்சள் தாளில்தான் எழுத வேண்டும். கடைத் தாளில் சக்தி நிற்காதாம். எழுதிக் கொண்டுவந்ததை அவர் உரக்கப் படிப்பார். செம்பிலிருந்து பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்த தீர்த்தத்தை அள்ளித் தெளிப்பார். தெளித்த இடமெல்லாம் இரத்தமாகச் சிவக்கும்! “உத்தியோகக் குங்குமம் ஏறிவிட்டது” என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சிவந்த தாளைக் கண்டதும் அதிகாரியின் கை அவரை அறியாமலே கையெழுத்துப் போட்டுவிடுமாம். போடவில்லையென்றால்? முதல் சக்தி போதவில்லை என்று அர்த்தம். இரண்டாம் சக்தி ஏற்ற வேண்டும். அது கொஞ்சம் விலை கூடுதல்.

ஏசுவடியானின் மகன் குமாரதாஸ் இரண்டு சக்தியும் ஏற்றிவிட்டான். இரண்டாவதற்கு அவன் மனைவி லீலாபாயின் கம்மல் போயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கடுதாசி வரவில்லை. ‘தேவையில்லை’ என்று சொல்வதற்குக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை.

சித்தர் கண்ணை மூடி யோசித்தார். “உன் யோகத்துக்குக் குறுக்கே ஒரு காளை நிற்கிறது. அதைக் கொண்டுவந்து இங்கே தானம் செய். மூன்றாம் சக்தி ஏற்றுகிறேன்” என்றார்.

வீட்டில் இருந்தது ஒரே காளை. பெயர் காரி. அஞ்சுகிராமத்திலிருந்து கருப்புக்கட்டி ஏற்றிக் கோட்டாற்றுக்கு ஒற்றை மாட்டு வண்டி இழுப்பது அதுதான். அது இழுத்தால் அடுப்பு எரியும். நின்றால் அணையும். அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆண்பிள்ளை என்றுகூடச் சொல்லலாம்.

“அப்பா, காளை போனா இன்னொண்ணு வாங்கலாம். உத்தியோகம் கைவிட்டுப் போனா வருமா?” என்றான் குமாரதாஸ்.

“வராததுல போவதுக்கு என்னலே இருக்கு?”

“மாமா, அவருக்க விண்ணப்பம் செவந்தத நான் ரெண்டு கண்ணாலயும் கண்டேன்” என்றாள் லீலாபாய்.

“செவந்துது, சரி. சம்பளம் வந்துதா மக்ளே?”

லீலாபாய் வெறும் காதைத் தொட்டுக்கொண்டாள்.

“சரிலே,” என்றார் கிழவர். “வெள்ளிக்கெழம காளையக் கொண்டு போவோம். அதுக்கு முன்ன அந்த மஞ்சத் தாளு ஒண்ணு எனக்கும் வாங்கிட்டு வா.”

அப்பாவுக்கும் பக்தி வந்துவிட்டதென்று குமாரதாஸ் பூரித்துப்போனான்.

தாளை எடுத்துக்கொண்டு ஏசுவடியான் கமருதீனிடம் போனார். கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து பிறத்தியாருக்கு மனு எழுதிக் கொடுப்பவர் கமருதீன். சித்தர் வந்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு விண்ணப்பம் எழுதணும் கமருதீனு. ஒரு பொய்யும் இருக்கப்பிடாது, கேட்டியா?”

“பொய்யில்லாம விண்ணப்பமா? புதுசா இருக்கே அண்ணாச்சி. ஆளு பேரு?”

“காரி.”

கமருதீன் நிமிர்ந்து, புளியமரத்தடியில் அசை போட்டுக்கொண்டிருந்த காளையைப் பார்த்தார். பிறகு கிழவரைப் பார்த்தார். விஷயம் புரிந்தது. பேனாவை மையில் ஆழமாகத் தோய்த்தார்.

“காரின்னு போட்டா மரியாதை இல்ல. காரியப்பன்னு போடுவோம். படிப்பு?”

“போன்னா போவான், நில்லுன்னா நிப்பான். போதாதா?”

“அதுக்கு மேல படிச்ச குமாஸ்தாவ நானும் கண்டதில்ல அண்ணாச்சி.”

வெள்ளிக்கிழமை காரியை வெளியே மரத்தில் கட்டிவிட்டு மூவரும் பந்தலுக்குள் போனார்கள். சித்தரின் ஒரு கண் ஆசீர்வதித்தது. இன்னொரு கண் ஓலை இடுக்கு வழியாகக் காளையின் திமிலை அளந்தது.

“சாமி, காளையத் தாறேன். அதுக்கு முன்னால வீட்டுல இன்னொருத்தன் இருக்கான், காரியப்பன். நான் வளத்தவன். அவனுக்கும் சக்தி ஏத்தித் தரணும்” என்றார் ஏசுவடியான்.

குமாரதாஸ் விழித்தான். லீலாபாய் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். சித்தரோ காளை கிடைக்கிற அவசரத்தில் தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

“‘ஆறு வருஷமாக ஒரே எஜமானிடம் ஊழியம். பாரம் சுமப்பதில் நல்ல தேர்ச்சி. வெயில் மழை பார்ப்பதில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அடித்தாலும் தலையை மட்டும் ஆட்டுவான். கள், சாராயம், லஞ்சம் எதையும் தொட்டதில்லை.’ ஆகா! அதிகாரிகள் விளக்கு வைத்துத் தேடுகிற ஆள் இவனல்லவா!”

தீர்த்தம் பறந்தது. தாள் சிவந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

“தை மாதம் குமாஸ்தா. மூன்றே வருஷத்தில் தாசில்தார்” என்று அருள்வாக்குப் பொழிந்தார் சித்தர். “பெண் கொடுக்க நான், நீ என்று வந்து நிற்பார்கள். இவனுக்குப் பிள்ளைகள் ஏழு!”

“ஏழா?” என்றார் ஏசுவடியான். “அவனுக்குக் காயடிச்சு ஆறு வருஷம் ஆச்சே சாமி!”

“காயடிச்சா?” என்று கூட்டத்தில் ஒருவன் எழுந்தேவிட்டான்.

“ஆளக் காட்டுகேன், பாரும். அன்னா, மரத்துல கெட்டிப் போட்டிருக்கு. காரியப்பா, தாசில்தாரே! சாமிக்கு ஒரு கும்பிடு போடு!”

எஜமானின் குரல் கேட்டதும் காரி தலையை ஆட்டியது. அது உண்மையிலேயே மரியாதை தெரிந்த பிராணி. கூட்டத்தின் பாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுபாதி சித்தர் என்ன சொல்லுவாரோ என்று வாயைப் பார்த்தது.

சித்தர் லேசுப்பட்டவரா? “மூடனே! போன பிறவியில் இந்த ஆத்மா ஒரு தாசில்தார். சிவப்பு பொய் சொல்லுமா?” என்று கர்ஜித்தார். “அதானே!” என்றன சில தலைகள். ஆட்டுவதற்குக் காரி மட்டும்தானா இருந்தது?

சித்தர் தெளித்துக் கொடுத்த சிவந்த தாள் லீலாபாயின் கையில் இருந்தது. தீர்த்தம் படாத மஞ்சள் மூலையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பக்கத்தில் மருமகனுக்கு வேலை கேட்டு வந்து உட்கார்ந்திருந்த வியாகுலம்மாள் வெற்றிலை போடுகிறவள்.

“பெரியம்மா, ஒங்க சுண்ணாம்பக் கொஞ்சம் தாருங்க.”

நகத்தால் சுண்ணாம்பை எடுத்தாள். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் கரைத்தாள். அந்த மஞ்சள் மூலையில் உதறினாள். அதுவும் சிவந்தது! மந்திரம் இல்லை, உருத்திராட்சம் இல்லை, சக்திக்கு விலையும் இல்லை.

“ஆலத்தித் தண்ணியில்லா இது!” என்று கத்தினாள். “தாளுல மஞ்சளு, செம்புல சுண்ணாம்புத் தெளிவு. இதுக்கா ஓய் எனக்கக் கம்மலு?”

அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கி ஆலத்தி எடுத்தவள்தான். வீட்டு வாசலில் சிவந்தால் வெறும் தண்ணீர். சித்தரின் பந்தலில் சிவந்தால் அற்புதம்!

அதற்குப் பிறகு சித்தரின் யோகம் ஓட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் ஓடுவதற்குள் லீலாபாய் அவருடைய காணிக்கைக் கூடையை ஒரு பக்கம் பிடித்துவிட்டாள், கூட்டம் மறுபக்கம் பிடித்தது. கம்மல் திரும்பியது. மூன்று மதமும் கழுத்தில் ஆட, சித்தர் சுசீந்திரம் சாலையில் தூசி கிளப்பிக்கொண்டு மறைந்தார்.

குமாரதாஸ் தலை குனிந்து வந்தான். “அப்பா, இனி நான் ஒழுங்கா மலையாளம் எழுதிப் படிக்கேன். கமருதீன் அண்ணனுக்கக் கிட்டச் சொல்லித்தரச் சொல்லுதியளா?”

“அப்பிடியா?” என்றார் ஏசுவடியான். “காட்டு, பாப்போம்.”

வியாகுலம்மாள் தன் சிவந்த தாளைக் கிழிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “எதுக்கும் இருந்துட்டுப் போட்டும் அண்ணே.”

கிழவருக்கு எரிச்சல் பொங்கியது. “தலைய ஆட்டுகதுக்கு மாடு போதும் மக்கா! மனுசனுக்கு எதுக்குத் தலை வச்சிருக்குன்னு ஒருக்காயாவது யோசிச்சுப் பாருங்க!”

எல்லோரும் பயபக்தியோடு தலையை ஆட்டினார்கள்.

வண்டி பூட்டக் காரியை அவிழ்க்கும்போது யாரோ ஓர் இளைஞன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். அக்கம்பக்கம் பார்த்தான். தன் விண்ணப்பத்தை எடுத்து, தாசில்தாராகப் போகிற காளையின் முதுகில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

காரி வாலைச் சுழற்றி அவன் முகத்தில் ஒன்று வைத்தது.

ஏசுவடியான் எல்லாவற்றையும் பார்த்தார். காறித் துப்பினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.