பெரணி நலம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே பெரணி நலம். மற்றபடி சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை.

அத்தான் இந்த மலைச்சரிவில் ஒரு மரம் விடாமல் வெட்டி விற்றார். மறு மழையிலேயே மண் சரிந்து வந்து அவரையே விழுங்கிவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. "அவரு கெடக்குற எடம் மொட்டையா இருக்கக் கூடாதுடா, நான் திரும்பி வர்றதுக்குள்ள காடாக்கிடு" என்று சொல்லிவிட்டு நீ மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். யாரிடம் சொன்னாய்? வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் ஓட்டியவனிடம். பொத்தானை அழுத்தினால் மேலே போகும் என்பதைத் தவிர உயரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

முதலில் நர்சரியில் கன்று வாங்கி நட்டேன், அடுத்த மாதம் பார்க்கப் போனால் கன்றையும் காணோம், முட்டுக் கொடுத்த குச்சியையும் காணோம், ஆள் உயரத்துக்குப் பெரணிப் புதர் மண்டிக்கிடக்கிறது, தேடப் போன நானே காணாமல் போய், பக்கத்துத் தோட்டக்காரர் தகரத்தைத் தட்டிய சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்து சேர்ந்தேன். சரி, வெட்டித் தொலைப்போம் என்று கூலிக்கு ஆள் விட்டால், அவர்கள் பெரணியோடு உள்ளே தப்பிப் பிழைத்திருந்த கன்றுகளையும் சேர்த்து வழித்துவிட்டு, "பாருங்க சார், தொடச்சு வச்ச மாதிரி இருக்குல்ல?" என்கிறார்கள். இருந்தது. திரும்பி வந்தது பெரணி மட்டும்தான். அதன் வேர்க்கிழங்கு மண்ணுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. பிறகு மளிகைக்கடைக்காரர் பேச்சைக் கேட்டுத் தீ வைத்தேன். தீ வேலியைத் தின்றது, குளியலறைக் கதவைத் தின்றது, என் இடது புருவத்தைத் தின்றது. கரியிலிருந்து முதலில் தலைநீட்டியது யார் என்று நினைக்கிறாய்? அதுவேதான், முன்னைவிடக் கொழுகொழுவென்று.

ஒரே ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அத்தான் கிடக்கிற இடம் என்று நாமாக ஊகித்துக் கம்பம் நட்டோமே, அங்கே தினமும் காலையில் போய், சுற்றியுள்ள பெரணியை மிதித்துச் சாய்த்து, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு முளைக்கிற களை ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிந்தேன். கம்பத்தின் மேல் உட்கார்ந்து எச்சமிடும் பறவைகளைக் கல்லெறிந்து விரட்டினேன். உயிரோடு இருந்தபோது அவருக்கு நான் இவ்வளவு பணிவிடை செய்ததில்லை. மழைக்காலம் பிறந்த அன்று அங்கேயே வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. மழை முடியும்வரை கட்டிலில் கிடந்து ஜன்னல் வழியே அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து அழுதேன், அக்கா. என்னால முடியல.

கல்குவாரிக்காரர் வந்திருந்தார். "பெரணி மண்டுன நெலத்த வேற எவன் வாங்குவான்? மேல் மண்ண வழிச்சுட்டு ஒடைக்க ஆரம்பிச்சுருவோம்" என்றார். அந்த மண்ணில்தான் எங்கள் அத்தான் இருக்கிறார் என்றேன். "அதுக்கென்ன, பாத்துப் பதமா வழிக்கிறோம்" என்றார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பத்திரம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

உன் மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயதில்லை. மன்னிப்புக் கேட்கிற வயதுதான் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
கால் ஒடிந்த தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கோல் ஊன்றிப் போனேன். மழையில் நான் பிடுங்காமல் விட்ட களைகள் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. கம்பத்தைச் சுற்றி, நான் பெரணியை மிதித்துச் சாய்த்த வட்டத்தில் மட்டும். பழக்கதோஷம், வெறுங்கையால் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நுனி மட்டும் ஒடிந்து பால் கசிந்தது. வீடு வருவதற்குள் விரல் கறுத்துவிட்டது, சோப்புப் போட்டும் போகவில்லை. அத்தான் மரம் வெட்டிவிட்டு வரும்போதெல்லாம் சட்டையில் வருமே, நீ தேய்த்துத் தேய்த்து அவரைத் திட்டுவாயே, அதே கறை. எதிர்மலைக் காட்டிலிருந்து பறவைகள் விதையாகக் கொண்டுவந்து போட்ட மரங்களைத்தான் நான் தினமும் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். பத்திரத்தை உறையில் தேடாதே, அடுப்பில் போட்டுவிட்டேன். இந்தத் தாளின் ஓரத்தில் இருப்பது மை இல்லை. தேய்த்துப் பார், உனக்கே தெரியும்.