பட்டாசு ஆலைக்குள் ஒரு சுருட்டு

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கூடாது, பீடி கூடாது, செல்போன் கூடாது, லாடம் அடித்த செருப்புகூடக் கூடாது. இத்தனை கண்டிப்பும் இருந்த எங்கள் ஆலைக்குள் தினமும் காலையில் ஒரு சுருட்டு நடந்து வந்து, நாளெல்லாம் உள்ளேயே இருந்துவிட்டு, சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்பியது. சிவகாசி வட்டாரத்தில் இந்தப் பெருமை வேறு எந்த ஆலைக்கும் கிடையாது என்று சத்தியம் செய்வேன்.

சுருட்டு ஒரு மனிதர். வாயில் பீடி வைத்துக்கூடப் பார்த்திராத மனிதர். எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த அந்த ஆலையில் நான் ஆர்டர் பார்க்கும் வேலையில் இருந்தேன். அவர் மலேசியாவில் பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டத்தில் பல வருஷம் குலை வெட்டிவிட்டு ஊர் திரும்பி, எங்களிடம் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கோடையில் ஷெட்டைச் சுற்றிக் காய்ந்த புல் நிற்கக் கூடாது. ஒரு பொறி போதும். அதனால் புல் வெட்டுவதும் எங்கள் ஊரில் உயிர் காக்கிற வேலைதான்.

சேர்ந்த அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து ஆரம்பித்துவிட்டார். "இந்தோனேசியாவுல செலுரித்துன்னு ஒரு அருவா இருக்கு. நம்ம அருவா மாதிரி மூக்கு மட்டும் வளையாது. முழுசும் வளையும், மூணாம் பிறை மாதிரி. அத வச்சு நம்ம சிலம்பம் மாதிரி ஒரு ஆட்டம் ஆடுவாக பாருங்க, சிலாட்டுன்னு பேரு..."

"என்ன அருவா அண்ணாச்சி?"

"செலுரித்து."

"சுருட்டா?"

அவ்வளவுதான். அப்பா அம்மா வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

இந்தப் பெயரால் ஒருமுறை ஆலைக்கே ஆபத்து வந்தது. பாதுகாப்புச் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். புல் சுத்தமாக இருப்பதைப் பார்த்து, யார் வெட்டியது என்று கேட்டார். வாட்ச்மேன் பணிவாக, "சுருட்டுங்கய்யா" என்றார். அதிகாரிக்குப் புரியவில்லை. "எங்க இருக்கு?" என்றார். "உள்ளதான் இருக்கு. மருந்து ரூம் பக்கம் பாத்தேன்" என்றார் வாட்ச்மேன். அதிகாரி ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் எந்த அரசாங்க ஊழியரிடமும் கண்டதில்லை. அவர் ஓடியது மருந்து ரூமை நோக்கியல்ல, ஜீப்பை நோக்கி.

சுருட்டுக்கு இந்த அரிவாள் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் ஹசன் என்று ஒருவர். அதே தோட்டத்தில் வேலை செய்த இந்தோனேசியாக்காரர். ஊர் மதுரா. அது ஜாவாவுக்குப் பக்கத்தில் ஒரு தீவு. சுருட்டுக்கு அந்தப் பெயர் போதுமாக இருந்தது.

"மதுரக்காரன் மதுராக்காரனப் பாத்தா விடுவானா? அங்கனயும் மாட்டுப் பந்தயம் உண்டு. அங்கனயும் உப்பளம் உண்டு. அங்கனயும் மானம் போச்சுன்னா அருவாதான். இங்கன இருந்து போனவுகளா, அங்கன இருந்து வந்தவுகளான்னுதான் தெரியல."

"அண்ணாச்சி, நாம விருதுநகர் மாவட்டம். மதுரை இல்ல" என்றேன்.

"அம்புட்டுத் தூரம் போயிட்டா எல்லாம் மதுரதான் தம்பி."

செலுரித்தை அவர் ஊருக்குக் கொண்டுவரவில்லை. விமானத்தில் அரிவாளோடு ஏறவிடும் நாடு எதுவும் இல்லை. எனவே அதன் வடிவத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, ஆலைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். அதைப் போலவே ஒன்று அடித்து, அதை வைத்துத்தான் புல் வெட்டப் போவதாகவும் அறிவித்தார். போர்மேன் ராசு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, இரும்ப வச்சுக்கிட்டு ஷெட்டுப் பக்கம் ஆடாதீக. கல்லுல பட்டுச்சுன்னா பொறி பறக்கும். அப்புறம் நீக மலேசியாவுக்கு டிக்கெட் இல்லாமப் போயிருவீக, எங்களையும் கூட்டிக்கிட்டு."

சுருட்டு யோசித்தார். அடுத்த வாரம், பாத்திரப் பட்டறையில் சொல்லிச் செய்த ஒரு பித்தளைச் செலுரித்தோடு வந்தார். பித்தளையில் பொறி வராது. அது வெயிலில் மின்னிய மின்னலைப் பார்த்து, ஏதோ கோயில் சாமான் என்று நினைத்து, ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் பித்தளைக்குப் பொறியும் வராது, கூரும் நிற்காது. சுருட்டு பக்கவாட்டில் கால் வைத்து, உடம்பைத் தாழ்த்தி, கையைச் சுழற்றி வீசினால் புல் ஒரு தடவை குனிந்துவிட்டு நிமிர்ந்துகொள்ளும். கடைசியில் புல்லையெல்லாம் கையால்தான் பிடுங்கினார். பித்தளை அரிவாள் இடுப்பில் மரியாதைக்கு இருந்தது.

பிடுங்குவதற்கு முன்னால் ஆட்டம் மட்டும் ஒருநாளும் நிற்காது. "மொதல்ல லங்கா பழகணும்" என்பார். அந்த ஊர்ப் பேச்சில் லங்கா என்றால் காலடி வைக்கும் முறையாம்.

"அந்தப் பேர மட்டும் இங்கன சொல்லாதீக" என்று பதறுவார் ராசு அண்ணன். "லங்கைக்கு ஒத்த வாலு போனதுக்கே ஊரு பத்திக்கிருச்சு."

இன்னொரு நாள் கெராம்பித் என்ற ஆயுதத்தைப் பற்றிச் சொன்னார். புலிநகம் போல வளைந்த சின்னக் கத்தி, பிடியின் நுனியில் விரலை நுழைக்க ஒரு வளையம். "சுமத்ரா பக்கம் பொம்பளைக அதக் கொண்டைக்குள்ள சொருகி வச்சுக்கிடுவாகளாம். எவனாவது வம்பு பண்ணுனா, ஒரே இழுப்பு!"

திரி அறுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: "எங்களுக்கு வாயி போதும் அண்ணாச்சி. கொண்டைக்குப் பூவு வேணும்."

இப்படியாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு தீபாவளி சீசன் வரைக்கும்.

எங்கள் பக்கத்தைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள், இங்கே ஆளுக்கொரு அரிவாளை முதுகில் சொருகிக்கொண்டு அலைவதாக நினைப்பார்கள். அப்படியெல்லாம் கிடையாது. கருவேல முள் வெட்டவும், இளநீர் சீவவும்தான் முக்கால்வாசி அரிவாள்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் மீதிக் கால்வாசி இருக்கிறதே, அது எப்போது, யார் கையில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த சீசனில் ஒருநாள் அது காளியின் கையில் ஏறியிருந்தது. எங்கள் ஆலையில் மருந்து செலுத்தும் முனியசாமிக்குக் காளி சித்தப்பா மகன். காளியின் தங்கைக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணம் முந்தின நாள் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் எதையோ சொல்லிக் கெடுத்தது முனியசாமிதான் என்று யாரோ காளியிடம் சொல்லிவிட்டார்கள். வெயில் உச்சியில் இருந்த நேரம். காளி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில் போய்விட்டார்.

"ஏலே முனியசாமி! வெளிய வாலே!"

பெண்கள் அலறினார்கள். ஷெட்டுகளுக்குப் போகும் பாதை இருபுறமும் கல் பதித்தது. அதை ஒட்டிய களத்தில், மருந்து அடைத்த சரக்கு காய்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் அரிவாள் யார் கழுத்திலும் படவேண்டியதில்லை. கல்லில் உரசினாலே போதும்.

சுருட்டு புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர், கையில் புல்லோடு எழுந்தார். நேராகப் பாதைக்கு நடுவில் வந்து நின்றார். நாங்கள் எல்லாரும் அவர் இடுப்பில் இருந்த பித்தளையைப் பார்த்தோம். இதோ உருவப் போகிறார், லங்கா வைக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

அவர் காளியின் கையை உற்றுப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏலே, என்ன பிடி இது?"

"தள்ளிக்கோங்க அண்ணாச்சி. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

"கோவம் இருக்கட்டும்லே. பெருவிரல எதுக்கு மேல வச்சிருக்க? தேங்கா ஒடைக்கவா வந்திருக்க? ஓங்கி வீசினா மொதல்ல ஒன் விரலுதான் மடங்கும்."

காளி குனிந்து தன் பெருவிரலைப் பார்த்தான்.

"எங்கன வாங்கின?"

"சந்தையில."

"அதான பாத்தேன். மூக்கு கனமா இருக்கு, பிடி எளப்பமா இருக்கு. பூண் ஆடுது பாரு. இத நீ வீசினயின்னா அலகு தனியாப் பறந்துரும், கட்டை மட்டும் கையில நிக்கும். அம்புட்டுப் பொம்பளைக பாத்துக்கிட்டு இருக்காக. ஊரே சிரிக்கும்லே. குடு, காட்டுறேன்."

காளி கொடுத்துவிட்டான்!

ஏன் கொடுத்தான் என்று இன்றுவரை அவனுக்கும் தெரியாது. சுருட்டு அதை வாங்கி, பூணை ஆட்டிக் காட்டி, பிடியைத் தட்டிப் பார்த்து, குறை சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். கடையில் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவனைப் போலக் காளி பின்னாலேயே போனான். கேட்டைத் தாண்டினார்கள். ரோட்டைத் தாண்டினார்கள். எதிரே இருந்த டீக்கடையில் சுருட்டு பெஞ்சின் மேல் அரிவாளை வைத்து, அதன் மேல் துண்டைப் போட்டு, அதன் மேல் தானும் உட்கார்ந்தார்.

"ரெண்டு டீ. இப்பச் சொல்லு, ஒன் தங்கச்சிக்கு என்ன ஆச்சு?"

காளி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்னோடு பின்னாலேயே வந்திருந்த ராசு அண்ணன் போலீசுக்குச் சொல்லலாம் என்றார். "சொல்லுங்க, வரட்டும். அவன் டீயக் குடிச்சு முடிக்கட்டும்" என்றார் சுருட்டு. சேதி கேட்டுக் காளியின் மாமனார் வந்து அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். முதலாளியே இரண்டு வீட்டையும் உட்காரவைத்துப் பேசுவது என்று முடிவாயிற்று.

எல்லாரும் போன பிறகு சுருட்டைப் பார்த்தேன். அவருடைய டீ வாய்க்குப் போகவில்லை. பாதி வேட்டியில் கொட்டியிருந்தது. கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சி, இத்தன வித்தை தெரிஞ்சு வச்சிருக்கீக. ரெண்டு லங்கா வச்சிருந்தா அவன் விழுந்திருப்பானே?"

அவர் வேட்டி நுனியை முறுக்கி டீயைப் பிழிந்தார்.

"ஹசன் லீவுல ஊருக்குப் போனான் தம்பி. அவன் பொண்டாட்டியப் பத்தி ஒருத்தன் தப்பாப் பேசிப்புட்டானாம். அந்த ஊர்ல அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ரெண்டு பேரும் செலுரித்து எடுத்துக்கிட்டு நேருக்கு நேரா நிக்கணும். ஹசனுக்குத் தெரியாத வித்தை இல்ல. எதுத்து நின்னவன் கறிக்கடைக்காரன். அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ரெண்டு பேருமே போயிட்டாக. வித்தை தெரிஞ்சவன் பொளைச்சுக்கிடுவான்னு அதுவரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு அண்ணாச்சி தெனமும் ஆடுறீக?"

"அவன் ஆடும்போது அம்புட்டு அழகா இருப்பான் தம்பி. வெட்டுறதுக்கு இல்ல. சும்மா பாக்கிறதுக்கு."

பஞ்சாயத்தில் எல்லாம் வெளியே வந்தது. முனியசாமி எங்கேயும் போய் எதையும் கெடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்து, பெண்ணின் அண்ணன் குடிப்பானா என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமான்னேன். வேறென்ன சொல்ல?" என்றான் முனியசாமி. காளி, "நெசந்தான" என்றான். அவன் குடியை முழுக்க விட்டுவிட்டான் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அது உண்மையும் இல்லை. ஆனால் அடுத்த தை மாதம் அந்தப் பெண்ணுக்கு அச்சங்குளத்தில் நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்தில் முனியசாமி சாம்பார் வாளியோடு ஓடினான். சுருட்டுக்கு முதல் பந்தியில் முதல் இலை. காளியே பக்கத்தில் நின்று பாயசம் ஊற்றினான். "கரண்டிய இப்படியா பிடிக்கிறது?" என்று அவர் ஆரம்பிக்க, பந்தியே சிரித்தது. காளி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அப்புறம் நான் அந்த வேலையை விட்டு வெளியூர் வந்துவிட்டேன். சுருட்டும் முழங்கால் வலி தாங்காமல் விருதுநகரில் மகன் வீட்டோடு போய்விட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் மிளகாய் வற்றல் குடோன். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் பேச்சு, மத்தியானம் முழுக்க. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், நொண்டிக்கொண்டே என்னை பஸ் ஏற்றிவிட வந்தார்.

நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்று மதுராத் தீவு மாடுகளைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே ஜன்னலோடு கூடவே கொஞ்சத் தூரம் நடந்தார். இன்ஜின் சத்தத்தில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று திரும்பி நடந்தேன்.