கூரைமேல் லுண்ட் அம்மாவின் கேக் தட்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த சோல்வே அத்தைக்கு,

மாரித் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் சிறுநீரகங்களைத் தவிர. அங்கே மினியாபொலிசில் நீங்களும் பூனையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், கையெழுத்தை மன்னியுங்கள். இந்த வாரம் அப்பா போன் செய்து, வண்டியில் ரேடியோ வைக்கச் சொன்னது யார் என்று கேட்டால், தயவுசெய்து நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பழைய சாட்டிலைட் ரேடியோப் பெட்டியை அனுப்பியது நீங்கள்தானே, பாதி உண்மை. இல்லாவிட்டால் அப்பா அதைப் பிடுங்கிவிடுவார். அது போய்விட்டால் அம்மா மறுபடி வண்டியில் ஏறமாட்டார்.

போன வெள்ளிக்கிழமை அம்மா ஃபார்கோவுக்கு டயாலிசிஸ் போகவில்லை. "நாலு மணி நேரம் ஊசியோட படுத்திருக்கிறதைக்கூடத் தாங்கிடுவேன். போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி, இந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து காத்துச் சத்தம் கேக்குறதைத் தாங்க முடியலடி," என்றார். உங்கள் அண்ணனை உங்களுக்குத் தெரியும். கோல்ஸ்டட் தானியக் கிடங்கைத் தாண்டினால் வண்டி ரேடியோ எந்த நிலையத்தையும் எடுக்காது, அப்பாவோ எந்த இடத்திலும் வாயே திறக்கமாட்டார். இன்னொரு முறை தவறவிட்டால் ஆம்புலன்சில்தான் வரவேண்டியிருக்கும் என்று நர்ஸ் போனில் சொன்னதை நான் மாடிப்படியிலிருந்து கேட்டேன். அதனால்தான் சனிக்கிழமை அப்பா பீட்ரூட் வயலுக்குப் போனதும் ஸ்க்ரூ டிரைவரோடு வண்டிக்குள் புகுந்தேன்.

பெட்டியை உயிர்ப்பிக்க, வானம் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்திக் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். பெட்டி உங்கள் பெயரில் இருந்ததால் நான் ஐம்பத்தொரு வயது சோல்வேயாகப் பேசினேன். அந்த ஆள் சரிபார்க்க வேண்டும் என்று கணவர் பெயரைக் கேட்டான். நான் பதறிப்போய், "எந்தக் கணவர்?" என்றேன். அதற்குமேல் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பிறகு ஆன்டெனா. அதன் அடியில் காந்தம் இருக்கிறது, கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று தாளில் போட்டிருந்தது. நம் வேனின் உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக், துருவே பிடிக்காது என்று அப்பா பெருமைப்படுவாரே, அதனால் ஒட்டவில்லை. இரும்புத் தகடு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். சமையலறை அலமாரியில் ஒரு கேக் தட்டு இருந்தது. அதைக் கவிழ்த்துக் கூரைமேல் வைத்து, சாம்பல் நிற டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டி, நடுவில் ஆன்டெனாவை வைத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது.

அந்தத் தட்டு ஈஸ்டரின்போது அம்மாவுக்கு உடம்பு மோசமானபோது சாப்பாட்டோடு வந்தது. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, கேக் செய்ய அம்மாவுக்குத் தெம்பில்லை, அதனால் இங்கேயே தங்கிவிட்டது. நம் சபையில் எல்லாத் தட்டின் அடியிலும் சொந்தக்காரர் பெயர் ஒட்டியிருக்கும் என்பதும், கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் மேலே வரும் என்பதும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் தோன்றவில்லை. பெட்டி தனக்கு வருவதை ஒரு எஃப்.எம். எண்ணில் அனுப்பும், வண்டி ரேடியோவை அதே எண்ணில் வைத்துக் கேட்க வேண்டும். காலியான எண்ணாகப் பார்த்து 88.1 வைத்தேன். சனிக்கிழமை அது காலியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோடைக்கால ஆராதனையில், நாமெல்லாம் ஆலயத்து மைதானத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, போதகர் வைக்கோல் வண்டிமேல் நின்று பேசுவது 88.1-இல்தான் வரும்.

காலையில் அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றினார், கூரையைப் பார்த்தார், உள்ளே பெட்டியைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். மைதானத்தில் நிறுத்தி, பிரசங்கம் கேட்கச் சாவியைத் திருப்பினார். போதகர் பாவ அறிக்கைக்கு எல்லாரையும் தலைகுனியச் சொன்ன அதே நொடியில் அக்கார்டியன் வெடித்தது. அம்மாவுக்காக நான் வைத்திருந்த, அவர் பிறந்த ஊரில் ஆடும் போல்கா நடனப் பாட்டுச் சேனல். எங்கள் வண்டியில் மட்டுமில்லை, சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு வண்டிகளிலும். நான் பொத்தான்களையெல்லாம் அமுக்கினேன், சத்தம்தான் கூடியது. முன்வரிசையில் எண்பத்தெட்டு வயது ஹோகன் தாத்தா சந்தோஷத்தில் தாளத்துக்கு ஹாரன் அடிக்க, மற்றவர்களும் அடித்தார்கள். ஆமென் சொல்ல ஹாரன் அடிப்பதுதானே நம் வழக்கம்! போதகருக்கு அங்கே பாட்டு கேட்கவில்லை, ஆமென் மட்டும் கேட்டது. இத்தனை பேர் மனந்திரும்பி அவர் பார்த்ததே இல்லை. கையை உயர்த்தி இன்னும் உரக்கப் பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் சபைச் சமையலறைத் தலைவி லுண்ட் அம்மா, பாட்டு எங்கிருந்து வருகிறது என்று வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வேனருகே நின்றார். கண்ணாடியைத் தட்டினார்.

"ஆர்விட், ஈஸ்டர்லேர்ந்து நான் தேடாத வீடில்ல. என் தட்டு உன் வண்டி மேல என்ன பண்ணுது?"

அப்பா கண்ணாடியை இறக்கினார். "போல்கா எடுக்குது," என்றார்.

"யார் வேலை இது?"

"பாக்குறேன்," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

அப்போது முன்சீட்டிலிருந்து ஒரு சத்தம். அம்மா அழுகிறார் என்று நினைத்து நான் செத்தேன். அத்தை, அம்மா சிரித்தார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்க ஊர்க் கல்யாணத்துல மூணு நாள் இதுக்குத்தான் ஆடுவோம். உங்க லூத்தரன் சபைக்காரங்களை ஆட வைக்க ஒரு கேக் தட்டு தேவைப்பட்டிருக்கு பாரு," என்றார். லுண்ட் அம்மாவே, "உஃப்தா!" என்று சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். வீடு திரும்பும்போது அம்மா பெட்டியை அணைக்க விடவில்லை. கோல்ஸ்டட் கிடங்குப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னார். கிடங்கைத் தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. "ஆர்விட், நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது போதகர் போன் செய்தார், அப்பா போனோடு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு போதகர் என்னைச் சபையில் ஏற்றுக்கொள்ளும் திடப்படுத்தல் சடங்கு, அவர் மறுத்துவிட்டால்? அதனால்தான் உங்களிடம் கெஞ்சுகிறேன், பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கர்த்தர் உங்களையும் பூனையையும் காக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மாரித்

பி.கு.: உறை எடுக்கக் கீழே போனேன். மேசை டிராயரில் அப்பா உங்களுக்கு எழுதி இன்னும் ஒட்டாத கடிதம் இருந்தது. படித்தது தப்புதான். "சோல்வே, தட்டைக் கூரையில் வைத்தது நான் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன். மாரித் பயந்திருக்கிறாள். கேட்டால் எல்லாம் உன் யோசனை என்று அவளிடம் சொல். ரேடியோ மோசமில்லை." அவ்வளவுதான். அப்பா வாயில் 'மோசமில்லை' என்று வருவது எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே மேலே கேட்டதெல்லாம் வேண்டாம். அல்லது எல்லாம் உங்கள் யோசனைதான் என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். தபால்தலை ஒன்றுதான் இருந்தது, அதனால் இரண்டு கடிதத்தையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.