ஓஷ்காஷ் நிலவறையின் கைச் சட்டம்

மனித குலம் இதுவரை இயற்றிய சட்டங்களிலேயே ஓட்டை இல்லாதது எது என்று யாராவது கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லலாம். விஸ்கான்சின் மாநிலம், ஓஷ்காஷ் நகரம், திருவாளர் வெர்லின் ஸ்ட்ராய்க் அவர்களின் வீட்டு நிலவறையில் ஞாயிறுதோறும் மதியம் அமலில் இருக்கும் 'கைச் சட்டம்'தான் அது. மற்ற சட்டங்களில் பெரிய மனிதர் புகுந்து வெளியேற ஒரு சந்தாவது இருக்கும். இதில் கிடையாது. கையில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

அங்கே ஆடப்படுவது ஒரு கற்பனை ஆட்டம். வெர்லின்தான் நடுவர், கதையும் அவரே சொல்வார். டிராகன், பூதம், மழை, சத்திரக்காரன் எல்லாம் அவரே. மேஜையைச் சுற்றியுள்ள மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் இன்னது செய்கிறேன்' என்று சொல்லிப் பகடையை உருட்டினால், பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மந்திரம் போடுகிற பாத்திரத்தின் கையில் அதற்குரிய பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். சூனியக்காரிக்குக் கோல், பூசாரிக்குச் சின்னம், பாணனுக்கு வாத்தியம். ஆட்டத்தின் புத்தகம் இதை ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுகிறது.

வெர்லினுக்கு அது பொறுப்பின்மையாகப் பட்டது. வாரநாட்களில் அவர் நாய்களுக்கு உரிமம் வழங்குகிற அதிகாரி. ஒரே பத்தியில் முடிகிற எதையும் அவர் நம்பியதில்லை. ஆகவே அந்தப் பொருளுக்குப் 'பிடிபொருள்' என்று பெயர் சூட்டி, மூன்று குளிர்காலம் உழைத்துச் சட்டம் வகுத்தார். பிடிபொருளை ஆட்டக்காரர் தன் சொந்தக் கையால் செய்ய வேண்டும். கடைச் சரக்கு செல்லாது. பாத்திரம் எதைப் பிடித்திருக்கிறதோ, அதை ஆட்டக்காரரும் பிடித்திருக்க வேண்டும். மேஜையில் வைத்தால் பாத்திரமும் கீழே போட்டதாகவே கொள்ளப்படும். பாத்திரம் மாண்டால் பிடிபொருள் பக்கத்தில் நிற்பவருக்குச் சேரும், ஆட்டத்திலும் சரி, வீட்டிலும் சரி.

இந்தச் சட்டத்துக்கு மார்லிஸ் டெஷ்ஷைப் போல அடங்கி நடந்தவர் யாரும் இல்லை. அவள் டயர் கடையில் வேலை பார்ப்பவள். சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே, "ஏம்மா, உள்ள ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்கிற வாடிக்கையாளர்களை ஆண்டு முழுக்கப் பார்ப்பவள். ஞாயிறு மதியம் நிலவறைப் படியில் பனி பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்கினால் அவள் ஆல்வரீன் என்ற சூனியக்காரி. எரிமலையை மூடியவள், மூன்று ராஜாக்களைத் தன் வாசலில் காக்க வைத்தவள். ஆறு வருஷமாக ஆல்வரீன் ஒருத்திதான் மார்லிஸ் பேச்சைப் பிறரை முழுசாகக் கேட்க வைத்தாள். ஆட்டப் பலகையில் ஆல்வரீனாக நிற்கும் அந்தத் தகரப் பொம்மைக்கு ஏதாவது ஆனால் தாங்க முடியாது என்பது அவளுக்கே தெரியும்.

ஆல்வரீனின் கோலை அவள் தன் கையாலேயே செய்தாள். கொல்லையில் புயலுக்கு முறிந்த ஆஷ் மரத்தின் கிளையை எடுத்து, இலையுதிர் காலம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். ஏரிக்கரையில் அலை உருட்டி வழவழப்பாக்கிய நீலப் புட்டிச்சில்லை நுனியில் பதித்தாள். பிடிக்கு டயர் டியூபை நாடாவாக அறுத்துச் சுற்றினாள். பிறகு அது ஆய்வுக்குப் போனது.

வெர்லின் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, கோலை முகர்ந்து பார்த்தார்.

"இது ரப்பராச்சே. அந்த உலகத்துல ரப்பர் கிடையாது, மார்லிஸ்."

"டிராகன் இருக்கு, ரப்பர் இருக்கக்கூடாதா?"

"டிராகன் புத்தகத்துல இருக்கு. ரப்பர் இல்லை."

"அப்ப அது கருநாகத் தோல்னு வெச்சுக்கயேன்."

"கருநாகம்..." வெர்லின் நெடுநேரம் யோசித்தார். "கருநாகத்தை எப்பக் கொன்னே?"

அதற்காக ஒரு ஞாயிறு முழுவதும் சதுப்பில் அலைந்து, மார்லிஸ் கற்பனையாக ஒரு கருநாகத்தைக் கொன்று, கற்பனையாகத் தோலை உரித்த பிறகுதான், ஏற்கெனவே சுற்றியிருந்த ரப்பருக்கு அனுமதி கிடைத்தது. நிர்வாகம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

மற்ற இருவரும் சட்டத்துக்குச் சளைத்தவர்கள் அல்லர். பூசாரியாக ஆடிய லோவெல் நோவோட்னி, தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகளை உருக்கி ஒரு சூரியச் சின்னம் வார்த்து இடக்கையில் வைத்திருந்தார். வலக்கையில் பூசாரியின் கதாயுதம். அதாவது உருளைக்கிழங்கு மசிக்கிற கட்டை. வெளியுலகில் லோவெல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ். பாணனாக ஆடிய வெண்டல் ஜாஸ்ட்ரோ, வீடு வாங்கி விற்கும் தரகர். இடக்கையில் தானே பலகை அறுத்து ஒட்டிய யுகுலேலே என்ற குட்டி கிட்டார், வலக்கையில் கேடயமாக ஒரு பெரிய பாத்திர மூடி. தந்தியை மீட்ட விரல் மீதி இல்லை என்பதால் அந்த வாத்தியம் இதுவரை ஒலித்ததில்லை. சட்டம் பிடிக்கத்தான் சொல்கிறது, வாசிக்கச் சொல்லவில்லை.

இரு கையும் நிறைந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவது என்ற அற்பக் கேள்வி சிலருக்கு எழலாம். மேஜை நடுவில் எப்போதும் புதுப் பாலாடைக்கட்டி உருண்டைகள் ஒரு கிண்ணம் நிறைய இருக்கும்; கடித்தால் கீச்சென்று சத்தம் போடுகிற தினுசு. வெண்டல் குனிந்து, தொட்டியில் மாடு வாய் வைப்பதுபோல வாயாலேயே கவ்விக்கொள்வார். லோவெல் பகடையை முழங்கையால் தட்டி உருட்டுவார். முதல் நாள் இதைப் பார்த்து மார்லிஸ் சிரித்துவிட்டாள். இரண்டாவது வாரத்திலிருந்து சிரிப்பு வரவில்லை, பழகிவிட்டது.

ஏரி உறைந்து, ஊரில் பாதிப்பேர் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்திருந்த ஒரு பிப்ரவரி ஞாயிறு. நிலவறையில் டிராகனுடன் இறுதிப் போர். டிராகன் நெருப்புக் கக்க, ஆல்வரீன் கோலை உயர்த்தி ஒரு காப்புத் திரை எழுப்பினாள். கோல் கையில் இருக்கும்வரை திரை நிற்கும். கீழே போட்டால் நெருப்பு முதலில் அவள் மேல்தான் பாயும். மார்லிஸ் கோலை உயர்த்திப் பிடித்தபடி, தோள் வலிக்க, கண் பளபளக்க நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்து வெண்டல் கிண்ணத்தில் குனிந்தார். நிமிர்ந்தபோது அவரிடமிருந்து சத்தமே இல்லை. முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. பாத்திர மூடி கிடுகிடுவென்று ஆடியது.

"அடேங்கப்பா!" என்றார் வெர்லின். "புகையில பாணனுக்கு மூச்சு முட்டுறதை எப்படி நடிக்கிறான் பாரு! வெண்டல், நடிப்புக்கு உனக்கு ஒரு போனஸ் பகடை."

வெண்டலின் உதடு நீலம் பாய்ந்தது.

"சரி, ரெண்டு."

"வெர்லின், அவன் நடிக்கலை," என்றாள் மார்லிஸ். "ஆட்டத்தை நிறுத்து."

"'நடுவரே'ன்னு சொல்லு. நிறுத்தணும்னா ஒரு கை மேல இன்னொரு கையை வெச்சுக் காட்டணும்."

"கையில கோல் இருக்குய்யா!"

"அப்ப நிறுத்த வழியில்லையே. நான் என்ன பண்ண?"

"பதறாதீங்க, நான் எதுக்கு இருக்கேன்?" என்று லோவெல் எழுந்தார். மார்லிஸுக்கு உயிர் வந்தது. ஆயிரம் தொண்டையைப் பார்த்த நர்ஸ் அல்லவா? லோவெல் சூரியச் சின்னத்தை உயர்த்தி, கண்ணை மூடி, "சர்வ காயமும் ஆறுக!" என்றார். முழங்கையால் பகடையைத் தட்டினார். "பத்தொம்பது! குணமாயிடுச்சு!"

பாணன் பூரண நலம் பெற்றான். வெண்டல் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார்.

"லோவெல், நீ நர்ஸுப்பா! அதைக் கீழ போட்டுட்டு அவனைப் புடி!"

"கீழ போட்டா என் சாமி வரம் போயிடும், மார்லிஸ். அதான் பத்தொம்பது விழுந்துச்சே, இனிமே அவனாத்தான் மூச்சு விடணும்."

மார்லிஸ் பலகையில் நின்ற தகரப் பொம்மையைப் பார்த்தாள். கட்டைவிரல் உயரம்; அங்கிக்கு அவளே பூசிய பச்சை. ஆறு வருஷம். பிறகு வெண்டலைப் பார்த்தாள். அவளுக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்கவும் பிடிக்காது.

"நாசமாப் போங்க," என்று கோலை மேஜையில் போட்டாள்.

பின்னால் ஓடிப்போய் அவர் வயிற்றைச் சுற்றிக் கைகோத்து, டயரை அச்சிலிருந்து பிடுங்குகிற இழுப்பு ஒன்று இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று. அடுத்ததில் பாலாடைக்கட்டி பறந்து வந்து பலகையில் விழுந்தது. வெண்டல் மூச்சை இழுத்த சத்தம் மேல்மாடிவரை கேட்டிருக்கும். யுகுலேலேயும் மூடியும் இன்னும் அவர் கையில் இருந்தன.

வெர்லின் பலகையின் மேல் குனிந்தார்.

"எந்தக் கட்டத்துல விழுந்தது?"

"எது?"

"பாலாடைக்கட்டி. டிராகனோட வழியை அது மறைக்குதான்னு பார்க்கணுமே." அளந்து பார்த்தார். "இல்லை, மறைக்கலை." அப்போதுதான் அவர் பார்வை மேஜையில் கிடந்த கோலில் பட்டது. குரல் தழுதழுத்தது. "மார்லிஸ்... கோல் கீழ இருக்கு."

சட்டம் தன் கடமையைச் செய்தது. திரை விழுந்தது, நெருப்பு பாய்ந்தது, பகடை உருண்டது. தகரப் பொம்மையை வெர்லின் ஒரு விரலால் மெல்லச் சாய்த்தார். மார்லிஸுக்குத் தொண்டை அடைத்தது. அதைப் பிடித்து இழுக்க அங்கே ஆள் இல்லை.

'சிறப்பு விலக்கு' கோரும் தீர்மானம் உடனே எடுத்துக்கொள்ளப்பட்டது. மாண்டவருக்கு ஓட்டு இல்லை என்பதால் மார்லிஸ் பார்வையாளராக உட்கார்ந்தாள். லோவெல் தரையைப் பார்த்துக்கொண்டே விலக்குக்கு ஆதரவாக ஓட்டளித்தார்.

வெர்லின் எதிர்த்தார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர். "இன்னைக்கு விலக்கு கொடுத்தா, நாளைக்கு ஆளாளுக்கு ஆளைக் காப்பாத்த ஆரம்பிச்சிடுவீங்க. அப்புறம் ஆட்டத்தை எப்ப ஆடுறது?"

எஞ்சியது வெண்டலின் ஓட்டு. மார்லிஸ் அவரைப் பார்த்துச் சிரித்தாள். இது ஒன்றாவது நிச்சயம் என்ற தைரியம்.

வெண்டல் தொண்டையைச் செருமினார். தொண்டை நன்றாகத் திறந்திருந்தது. குரல் கணீரென்று வந்தது.

"மார்லிஸ் பண்ணது பெரிய விஷயம், நான் மறுக்கலை. ஆனா ஒண்ணு யோசிங்க. செத்துக்கிட்டிருந்தது யாரு? நான். நான் யுகுலேலேவைக் கீழ வெச்சேனா? போற உசுரை வெச்சுக்கிட்டு நானே சட்டத்தைக் காப்பாத்தினப்ப, நல்லாருந்தவ அவ காப்பாத்தக் கூடாதா? விலக்கு கூடாது." பிறகு கோலை ஓரக்கண்ணால் பார்த்து, "ஆமா, பக்கத்துல நின்னது என் பாணன்தானே? அந்தக் கோலு சட்டப்படி எனக்குத்தானே வரணும்?"

 மார்லிஸ் கோலை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"உனக்குத்தான். செத்தவ கொடுக்கிறது, மரியாதையா ரெண்டு கையாலயும் வாங்கு."

வெண்டல் பரவசமாக யுகுலேலேவைக் கீழே வைத்தார். மூடியைக் கீழே வைத்தார். உயிர் போகும்போது விடாததை இப்போது விட்டார். கையை நீட்டினார். மார்லிஸ் கோலை விடவில்லை.

"நடுவரே, இப்ப யாரு முறை?"

வெர்லின் பலகையைப் பார்த்தார். வெண்டலின் காலிக் கைகளைப் பார்த்தார். வியர்த்தது. ஆனால் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே.

"டிராகனோட முறை," என்றார் ஈனக் குரலில், பகடையை உருட்டினார். பாணன் கேடயமும் இல்லாமல் வாத்தியமும் இல்லாமல் வெந்தான்.

"விலக்கு!" என்று வெண்டல் அலறினார். "ஓட்டெடுப்பு! இது சூழ்ச்சி!"

"மாண்டவங்களுக்கு ஓட்டு இல்லை, வெண்டல்," என்றார் வெர்லின்.

"அப்ப இந்தக் கோலு அடுத்து லோவெலுக்கு," என்றாள் மார்லிஸ். "வாங்கிக்கிறியா, லோவெல்?"

லோவெல் சூரியச் சின்னத்தையும் மசிக்கட்டையையும் மார்போடு அணைத்துக்கொண்டார். "வேணாம் தாயே. நீயே வெச்சுக்க."

மார்லிஸ் கோலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். சாய்ந்து கிடந்த பொம்மையையும் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"அடுத்த ஞாயிறு புதுப் பாத்திரம் எழுதிட்டு வா," என்றார் வெர்லின் ஆறுதலாக. "கோலும் புதுசாத்தான் செய்யணும், தெரியும்ல?"

"தெரியும். அதுவரைக்கும் மென்னு தின்னுங்க," என்று அவள் படியேறினாள். பூட்ஸ் மாட்டும்போதுதான் அழுதாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை, அதற்கடுத்ததும் இல்லை.

நிலவறை இதைச் சும்மா விட்டுவிடவில்லை. முறைப்படி விசாரணை நடந்தது. விபத்துக்குப் பாலாடைக்கட்டியே முழுப் பொறுப்பு என்று கண்டறியப்பட்டு, அது மேஜையிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது மூவரும் கிண்ணத்தில் சூப் ஊற்றிக் குழல் போட்டு உறிஞ்சுகிறார்கள். வெண்டல் புதுப் பாத்திரம் எடுத்திருக்கிறார். மரணத்தின் வாசலிலும் யுகுலேலேவை விடாத கதையை வீடு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்; மூச்சு எப்படித் திரும்பி வந்தது என்ற இடம் மட்டும் அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

கைச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது பிறந்த நாள் முதல் இன்றுவரை அந்த மேஜையில் அடுத்தவருக்காகக் கையில் இருந்ததைக் கீழே வைத்தவர் ஒருத்திதான். அதையும் குற்றம் என்றுதான் பதிந்து வைத்திருக்கிறார்கள்.