தோர்ப்பில் பஸ் நிற்காது

அரைகுறையாகப் படித்தவன் கையில் புது வார்த்தை ஒன்று சிக்கிவிட்டால், அதை எங்கேயாவது இறக்கி வைக்கிறவரை அவனுக்குச் சோறு இறங்காது. பிள்ளைகளா, உங்கள் அப்பன் பத்தாவதோடு நின்றவன். ஆனால் இங்கிலீஷில் 'டி' (T) எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகளில் பாதி எனக்குத் தெரியும். (மற்ற இருபத்தஞ்சு எழுத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது.)

பட்டாசு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட நம் ஊருக்குப் பழைய புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வரும். ஒரு மூட்டையில் முன்னும் பின்னும் கிழிந்துபோய், 'டி' மட்டும் மிஞ்சிய ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று கிடந்தது. எல்லாரும் கிழித்து உருட்டினார்கள். நான் வாசித்துவிட்டு உருட்டினேன். அதில்தான் 'தோர்ப்' வந்தது. கிராமத்தைவிடச் சின்ன ஊர், சில வீடுகளே உள்ள குடியிருப்பு என்று போட்டிருந்தது. எவ்வளவு அழகான வார்த்தை! அந்த ஒரு தாளை மட்டும் வெடியாக்க மனசு வரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வைக்காமல் இருந்திருக்கலாம்.

அப்போது சிவகாசி பஸ் நம் ஊரைத் தாண்டித்தான் போகும், நிற்காது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஆமத்தூர்ப் பக்கம் ரோடு பிரிகிற விலக்குவரை இரண்டு கிலோமீட்டர் நடந்து போய் ஏற வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் கம்பெனி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் பஸ் நிற்கச் சொல்லி மனுக் கொடுக்க முடிவானது. எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன்.

"தமிழ்லயே எழுதுங்க, போதும்" என்றாள் உங்கள் அம்மா.

"உனக்கு ஆபீஸ் விவரம் தெரியாது. இங்கிலீஷுக்குத்தான் மரியாதை" என்றேன்.

'நாங்கள் ஒரு தோர்ப்பில் வசிக்கிறோம்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். தோர்ப் மட்டும் ஏழு இடத்தில் வந்தது.

டிப்போவுக்கு என்னோடு முத்துமாரி மதினியும் நாலு பெண்களும் வந்தார்கள். அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். மேனேஜர் மனுவை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்னங்க, தோர்ப்? ஊர்ப் பேரா?"

நான் காத்திருந்ததே இந்தக் கேள்விக்குத்தான். "இல்லை சார். ரொம்பச் சின்ன ஊருன்னு அர்த்தம். கிராமம்னுகூடச் சொல்ல முடியாது."

"ஓகோ. எத்தனை வீடு இருக்கும்?"

"தோர்ப்புன்னாலே சில வீடுதான் சார்."

மதினி என் விலாவில் இடித்தாள். "ஏ கொழுந்தனாரே, நம்ம மேலத் தெருவில மட்டும் அறுவது வீடு இருக்கு. என்னத்தச் சொல்லுதீக?"

"மதினி, சும்மா இருங்க. அகராதியில அப்படித்தான் போட்டிருக்கு."

தாளை எடுத்து மேனேஜர் முன்னால் விரித்தேன். அவர் பொறுமையாக வாசித்தார். "நீங்க சொன்னது சரிதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் மனுவின் ஓரத்தில் எழுதினார்: 'மிகச் சிறிய குடியிருப்பு. நிறுத்தம் தேவையில்லை.'

"இதுதானே நீங்க சொல்ல வந்தது?"

அர்த்தத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாரே என்ற பூரிப்பில், "கரெக்ட் சார், ரொம்ப நன்றி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். (ஆமாம், கும்பிட்டேன்.)

வாசலில் மதினி கேட்டாள்: "பஸ்ஸு எப்பலேர்ந்து நிக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விழித்த விழியிலேயே அவளுக்கும் விளங்கிவிட்டது.

"அடப் பாவி மனுசா! அம்புட்டுப் பேரும் வேலையை விட்டுட்டு வந்து, இருக்கிற ஊரை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வாறோமா?"

அந்தத் தீபாவளி சீசன் முழுக்கப் பெண்கள் நடந்தார்கள். மதினி இரண்டு தடவை பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். திரும்பும்போதெல்லாம் நம் வீட்டு வாசலில் நின்று, "தோர்ப்பய்யா இருக்கீகளா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாள். நான் அடுப்படியில் ஒளிந்துகொள்வேன்.

மறு வருசம் உங்கள் அம்மா பள்ளிக்கூட நோட்டில் தாள் கிழித்து மனு எழுதினாள். வீடு வீடாகப் போய், தினமும் பஸ் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் எழுதிக் கையெழுத்தும் வாங்கினாள். தமிழில் இரண்டு தாள். அடுத்த மாதமே பஸ் நின்றது.

நின்றதோடு விட்டார்களா? முதல் நாளே மதினி கண்டக்டரிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அவர் அடுத்த கண்டக்டருக்குச் சொன்னார். இன்றைக்கும் பஸ் ஊரை நெருங்கியதும், "தோர்ப்பு இறங்குறவுக முன்னால வாங்க!" என்றுதான் சத்தம் வரும். நான் எழுந்தால் பஸ்ஸே திரும்பி என்னைப் பார்க்கும்.

வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கும்போது அப்பா ஏன் அடுத்த விலக்கில் இறங்கி, வெயிலில் நடந்து வருகிறார் என்று கேட்டீர்களே, இதனால்தான்.