மாறுவேடத்தில் மப்டி அக்கா

மாறுவேடம் போட்டு ஒருவரைக்கூட ஏமாற்றத் தெரியாத துப்பறியும் போலீஸ் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கொடைக்கானலில் இருந்தார். பூக்காரியாக வேடம் போட்டு ஏரிக்கரைக்கு வந்தால் படகுக்காரர்கள் எழுந்து நின்று சல்யூட் வைப்பார்கள். குறி சொல்பவளாகக் கடைத்தெருவுக்கு வந்தால், “ஏட்டம்மா, குறி சொல்ற கோலை ஸ்டேஷன்லயே வச்சுட்டு வந்துட்டீங்களே!” என்று பழக்கடைக்காரர் அக்கறையோடு விசாரிப்பார். இத்தனைக்கும் அவர் கையில் எடுத்த வழக்கில் துப்புத் துலங்காமல் போனதாக எனக்கு நினைவே இல்லை.

ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைந்த உயரம் அவருக்கு. அந்த உயரத்தில் மலை முழுக்க வேறு பெண் கிடையாது. ஆணே குறைவு. பிறகு எந்த வேடம் போட்டால் என்ன?

ஊரில் எல்லோருக்கும் அவர் மப்டி அக்கா. அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக்கு வந்த முதல் பெண் போலீஸ் அவர்தான். அவருக்கு உடுப்பு வேண்டும் என்று கீழே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். கீழேயிருந்து பார்சல் வந்தது. பிரித்தால் காக்கி அரை நிஜார். அந்தக் காலத்தில் கான்ஸ்டபிள்களுக்கு அதுதான் உடுப்பு. சரிப்படாது என்று திருப்பி அனுப்பினார்கள். அளவு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கிடங்குக்காரர்கள் இன்னும் பெரிய நிஜாராக அனுப்பி வைத்தார்கள். சரியான உடுப்பு வரும்வரை மப்டியில், அதாவது சாதாரண உடையிலேயே வேலை பார்க்கும்படி உத்தரவாயிற்று. வருஷக்கணக்கில் மப்டியிலேயே இருந்தார்.

அந்தப் பெரிய நிஜாரை அவர் வீணாக்கவில்லை. இரண்டு கால்களின் அடியையும் தைத்து மூடி, காய்கறிப் பையாக்கிக்கொண்டார். ஒரு காலில் உருளைக்கிழங்கு, மறு காலில் கேரட். சந்தையிலிருந்து அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால், யாரோ ஒரு போலீஸ்காரரை இடுப்புக்குக் கீழே மட்டும் தூக்கி வருவதுபோல இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். மலைக்கு வேலைக்கு வந்த பெண்களுக்கு ஒரு ரிட்டயர்டு நர்சம்மா தன் வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். என் பக்கத்து அறை மப்டி அக்காவுடையது. நடுவில் பலகைச் சுவர். அக்கா தும்மினால் என் அலமாரியில் டம்ளர் ஆடும். என் பெயரை அவர் கடைசிவரை தெரிந்துகொள்ள முயலவில்லை. நான் அவருக்கு “டெலிபோனு”.

அக்காவுக்குச் சொந்த ஊர் பழனி. அப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. கடையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துப் பார்த்தே அக்காவுக்குக் கண் கூர்மையாகிவிட்டது. ஒரு தைப்பூசத்தன்று கடை வாசலில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு பக்தர் உருகி உருகி அரோகரா போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஒரே தாவலில் போய் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டார். மடியில் மூன்று பேருடைய சுருக்குப்பைகள் இருந்தன.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“மொட்ட போட்டு நாலு நாளான தல, டெலிபோனு. முடி குத்திக்கிட்டு நிக்கிது. அதுல இப்பத்தான் பூசுன சந்தனம். இன்னைக்குச் சாமி கும்புட வந்தவனுக்கு நாலு நாளா இங்க என்ன சோலி?”

அந்த ஆளைக் கூட்டிப் போக வந்த போலீஸ் அதிகாரிதான், இந்தப் பெண் போலீசில் சேரலாமே என்று யோசனை சொன்னவர். அப்பா தலையில் அடித்துக்கொண்டாராம். “பொம்பளப் புள்ள போலீசுக்குப் போனா எவன் வந்து கட்டுவான்?”

“கட்டுறவன நானே புடிச்சுக்கிறேம்ப்பா” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டாராம். கடைசிவரை திருடர்களைத்தான் பிடித்தார்.

மாறுவேடத்தில் அவருக்கு இருந்த ஆசைக்கு அளவில்லை. ஒருமுறை சீசனுக்கு வந்த சீமாட்டியாக வேடம். கறுப்புக் கண்ணாடி, குடை, வாடகைக் குதிரை. ஏரியைச் சுற்றிவரும் ஒரு சங்கிலித் திருடனைப் பின்தொடர வேண்டும். ஆனால் அந்தக் குதிரை, இரண்டு பேர் சொந்தம் கொண்டாடிய தகராறில் ஒரு வாரம் ஸ்டேஷன் பின்புறம் கட்டிக்கிடந்து, அக்கா போட்ட கொள்ளைத் தின்று ருசி கண்ட குதிரை. அக்கா ஏறி உட்கார்ந்ததும் பழைய ஆளை அடையாளம் கண்டுகொண்டது. ஏரிப் பக்கம் திரும்பாமல் நேரே ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் கனைத்தது. அக்கா இறங்கவில்லை. அதன் காதைப் பிடித்துத் திருப்பினார். திரும்பிய இடத்தில், வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்திருந்த சங்கிலித் திருடன் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பில் ஓட மறந்துவிட்டான். குதிரைமேல் இருந்தபடியே அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டார்.

இவ்வளவு திறமை இருந்தும் இன்ஸ்பெக்டர் அவருக்குப் பெரிய வழக்கு எதையும் கொடுத்ததில்லை. நல்ல மனிதர்தான். ஆனால், பெண் போலீஸ் என்றால் பெண் கைதிகளுக்குக் காவல் இருக்கவும், காணாமல் போன குழந்தைகளுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுக்கவும்தான் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு வைர அட்டிகை.

அந்த வருஷம் சீசனுக்கு ஒரு மில் முதலாளி மனைவியோடு வந்து பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. ஒரு விருந்துக்குக் கிளம்பும்போது, மனைவியின் அட்டிகைப் பெட்டி காலியாக இருந்தது. “காணோம்” என்றார் முதலாளியம்மா. முதலாளி உடனே போனை எடுத்தார். ஸ்டேஷனுக்கு லைன் கொடுத்தவள் நான்தான். அந்த அறைக்குள் போய்வந்தவள் வீட்டு வேலை செய்த செல்லத்தாயி ஒருத்திதான். வட்டக்கானலைச் சேர்ந்தவள். புருஷன் இல்லை, கையில் பால்குடிக் குழந்தை. கடைத்தெரு வழியாக அவளை நடத்திக் கூட்டிப்போனபோது ஊரே வேடிக்கை பார்த்தது. மறுநாள் கோர்ட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

“நீங்க அவளுக்குக் காவல் இருந்தாப் போதும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா காவல் இருந்தார். அடுத்த நாள் காலையில் வெள்ளனே என் அறைக் கதவைத் தட்டினார்.

“டெலிபோனு, இன்னைக்கு ஒனக்கு லீவுதான? எந்திரி. பூண்டு விக்கப் போறோம்.”

“எனக்குப் பூண்டு விக்கத் தெரியாதுக்கா.”

“எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? கூடைய எடு, வெரசா வா. செல்லத்தாயி எடுக்கல. ராத்திரியெல்லாம் அவ அட்டிகையப் பத்தி ஒரு வார்த்த பேசல. ‘எங்கம்மா ரெண்டு நாளாச் சாப்புடல, யாரு பாத்துக்கிறாகளோ’ன்னு முதலாளியம்மாவுக்காக அழுகுறா. அட்டிகை காணாமப் போனது நேத்து. அந்தம்மா ரெண்டு நாளா ஏன் சாப்புடல?”

பங்களா வராந்தாவில் முதலாளி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரின் இரண்டு பக்கத்திலும் மீசை நுனிகள் மட்டும் தெரிந்தன. முதலாளியம்மா கண் வீங்கி வாசலுக்கு வந்தார்.

“மலப்பூண்டு வேணுமாம்மா?” என்றார் அக்கா.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். இன்னும் நிமிர்ந்து பார்த்தார். மப்டி அக்காவின் கதைகளைச் செல்லத்தாயி அவரிடம் நிறையச் சொல்லியிருக்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“நீங்க… நீ… பூண்டுக்காரியா?”

“ஆமாங்கம்மா. ஒங்க வீட்டுல பூண்டு ஏதோ காணாமப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன்.”

பேப்பர் அசையவில்லை. முதலாளியம்மா கூடைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு பூண்டைக் கையில் எடுத்து உருட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“காணாமப் போகல. நான்தான் குடுத்துட்டேன். என் மகளுக்கு.”

“மக எங்க இருக்காக?”

“பண்ணைக்காட்டுல. காப்பித் தோட்டத்துல கணக்கெழுதுற பையனை அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. அவரு தலமுழுகிட்டாரு. இப்ப மாசமா இருக்கா. வெறுங்கழுத்தோட இருக்கான்னு கேட்டதும் மனசு பொறுக்கல. ரெண்டு நாளைக்கு முன்னால ஆள் மூலமாக் குடுத்து அனுப்பிச்சேன்.” இந்த இடத்தில் அவருக்குத் துக்கம் பொங்கிக் குரல் உயர்ந்துவிட்டது. “முப்பது வருசத்துக்கு முன்னால எங்கம்மா எனக்குப் போட்டு அனுப்பின… பூண்டு!”

பேப்பர் தாழ்ந்தது. “முப்பது வருஷத்துப் பூண்டா? அதை எதுக்கு வெச்சிருந்தே? மக்கிப் போயிருக்காது?”

“அது மக்காதுங்க” என்றார் அக்கா. “நல்ல பூண்டு. காலத்துக்கும் மின்னும்.”

பேப்பர் மறுபடி உயர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்து, கூடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

“செல்லத்தாயி இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போறாம்மா. அவ புள்ள ஸ்டேஷன் பெஞ்சுல கெடக்கு. நான் சொன்னா அது போலீசு சொன்னதா இருக்கும். நீங்களாச் சொன்னாத்தான் ஒங்களுக்கு மரியாத.”

“மக பேரையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரே!”

“அப்ப பேர எடுக்காமச் சொல்லுங்க.”

முதலாளியம்மா எழுந்தார். கையில் பூண்டு அப்படியே இருந்தது. போய்ப் பேப்பருக்கு முன்னால் நின்றார். 

“அட்டிகை திருடு போகல. மகளுக்கு நான்தான் குடுத்தேன்.”

“எந்த மக?”

“நமக்கு இருக்கிறது ஒண்ணுதான்.”

பேப்பர் விழுந்தது. முதலாளி எழுந்த வேகத்தில் நாற்காலியும் விழுந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, “ஏய் பூண்டு! வெளியே போங்க. இது குடும்ப விஷயம்” என்றார்.

அக்கா முழு உயரத்துக்கும் எழுந்து நின்றார். “நான் பூண்டுக்காரி இல்லீங்க. போலீசு.”

“போலீஸா? நீயா? நான் நெஜமாவே பூண்டுக்காரின்னுல்ல நெனைச்சேன்!”

அந்த நேரத்தில் அக்காவின் முகத்தில் வந்த பூரிப்பை என்னால் எழுத முடியாது. அவருடைய வேடத்தில் ஏமாந்த முதல் மனிதர்! வழக்கை மறந்து என் பக்கம் திரும்பி, “பாத்தியா டெலிபோனு!” என்றார். பிறகு சட்டென்று போலீஸ் ஆனார்.

முதலாளி குரலை இறக்கினார். “நகை கிடைச்சுட்டதுன்னு மட்டும் சொல்லிடுங்க. அந்தப் பொண்ணுக்கு நான் ஏதாவது குடுத்துடறேன்.”

“ஒண்ணும் குடுக்க வேணாங்க. கடைத்தெருவுல எல்லாரும் பாக்கத்தான அவளக் கூட்டிட்டுப் போனாக? நீங்க வந்து, அவ எடுக்கலன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அதே தெரு வழியா நீங்களே கூட்டிட்டு வரணும். மகளுக்கு ஆத்தா நகை குடுத்தா அதுக்குச் சட்டத்துல கேஸ் இல்ல. பொய்யின்னு தெரிஞ்சும் புகார அப்படியே விட்டா, அதுக்கு இருக்கு.”

அவர் வந்தார். ஸ்டேஷனில் செல்லத்தாயியின் குழந்தை விடிந்ததிலிருந்து அழுது, ஸ்டேஷனையே ஸ்தம்பிக்க வைத்திருந்தது. இன்ஸ்பெக்டரே சாவிக்கொத்தை ஆட்டி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். செல்லத்தாயிக்கு முன்னால் நின்று, “நீ எடுக்கலம்மா. தப்பு எங்க வீட்டுல” என்றார் முதலாளி. அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதலாளியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைத்தெரு வழியாகப் பெண்கள் இருவரும் கைகோத்து முன்னால் நடக்க, பின்னால் கோட்டுப் போட்ட முதலாளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை அவருடைய மீசையின் ஒரு நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. பழக்கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் பங்களாவிலிருந்து பண்ணைக்காட்டுத் தோட்டத்துக்கு ஒரு லைன் கேட்டார்கள். இணைத்தேன். பேசுவது ஆபரேட்டர் காதில் விழக்கூடாதுதான். விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் “ஹலோ” என்றது. இந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அங்கே குளிர் ஜாஸ்தியா?” என்றார் முதலாளி. அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அன்று வீடு திரும்பியதும் அக்காவிடம் கேட்டேவிட்டேன். “எல்லாருக்கும் உங்களைத் தெரியுது. அப்புறம் எதுக்குக்கா இந்த வேஷம்?”

“கூறு கெட்டவளே. ஒரு பொம்பள ஸ்டேஷன் படியேறுனா ஊரே பாக்கும். ஏறுவாளா? அதே பொம்பள பூக்காரிகிட்டக் குனிஞ்சு பூ வாங்குனா எவன் கேப்பான்? வேஷம் எனக்கில்லடி. வந்து சொல்றவளுக்கு.”

நான் அசந்துபோனேன். ஆனால் ‘பாத்தியா டெலிபோனு’ என்று அவர் பூரித்த முகமும் ஞாபகம் வந்தது. அவர் சொன்னது நிஜமா, சமாளிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு இன்ஸ்பெக்டர் பெரிய வழக்குகளை அவரிடமே கொடுத்தார். பெண்கள் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் “அக்காவைக் கேளுங்க” என்பார். சில வருஷத்தில் சப்-இன்ஸ்பெக்டராக மதுரைக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் செல்லத்தாயி குழந்தையோடு நின்றாள். படகுக்காரர்கள் வந்திருந்தார்கள். டிரங்குப் பெட்டியை பஸ்ஸின் கூரைமேல் ஏற்றியது அந்தப் பழைய சங்கிலித் திருடன். “பாத்து வைடா, உள்ள கறுப்புக் கண்ணாடி இருக்கு” என்று அக்கா கீழேயிருந்து அதட்டிக்கொண்டிருந்தார்.

மதுரை போன பிறகும் எப்போதாவது போலீஸ் லைனில் ட்ரங்க் கால் வரும். எடுத்தால், முதலில் எனக்குத்தான். “ஏ டெலிபோனு, சாப்புட்டியா?” அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டரைக் கேட்பார்.

வேலையிலிருந்த காலத்தில் அந்த மலையிலுள்ள அத்தனை பேர் குரலும் என் காதுக்குப் பழக்கம். எல்லோரும் என்னிடம் ஒரு நம்பரைத்தான் கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டது அந்த ஒரு குரல்தான்.